அப்பாவின் திருவனந்தபுரத்தை யாருக்குக் கொடுத்தாய்

அண்ணே,

முதலில் என் கண்ணில் பட்டது வேட்டியில் இருந்த சூட்டுக் கறைதான். உனக்கு நிச்சயம் ஆகியிருக்கிற பெண்ணை நான் இப்போதே மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்த போட்டோ அது. பத்மநாப சுவாமி கோயில் குளத்துக்கு முன்னால் அவள் அப்பா சட்டையில்லாமல் வேட்டியோடு நிற்கிறார். பச்சைக் கரை. கரைக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்ட பழுப்பு. அந்தப் பழுப்பை உண்டாக்கியது நான். அப்படி இன்னொரு வேட்டி எங்கேயும் இருக்க முடியாது. முகங்களை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அவர் பக்கத்தில் மதினி, அவள் அம்மா, தங்கை, ஓரத்தில் நீ. நீ பெங்களூரில் இருப்பதாகச் சொன்ன வாரம் அது. போட்டோவுக்கு அடியில் மதினி எழுதியிருந்தாள்: மாப்பிள்ளை காட்டிய திருவனந்தபுரம்.

இது அம்மா உனக்கு எழுதுகிற கடிதம். பன்னிரண்டு நாளாக நீ அவள் போனை எடுக்கவில்லை. அவள் பேசி அனுப்பியவை எல்லாம் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அதனால் இன்று சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை முடிந்து வந்தவள், முகத்தைக்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்து, “காயிதமா எழுதுட்டி. காயிதம்னா பிரிச்சுப் பார்க்காம இருக்க மாட்டான்” என்றாள். அவளுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதவோ படிக்கவோ வராது. அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். அவள் சொல்லாமல் விடுவதையும் எழுதுகிறேன், அது அவளுக்குத் தெரியாது. உறையை ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் உன்னோடு ஃபிளாட்டில் இருப்பவர்கள், மதினி வீட்டார், கீழே நிற்கும் செக்யூரிட்டி, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அம்மா சொல்கிறாள்: “ஏய்யா, நல்லா இருக்கியா. நாங்க நல்லா இருக்கோம். கல்யாணம் முடிஞ்சதும் அந்தப் புள்ளையோட அப்பா அம்மாவை ஒரு குறை சொல்லாம பார்த்துக்கோ. அவியளும் பெத்து வளர்த்துத்தான் நம்ம கையில குடுக்காவ.” அம்மாவின் முதல் புத்திமதி இது. நீ அதை ஏற்கெனவே நன்றாகவே செய்துவிட்டாய் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

அந்த வேட்டி எப்படி உன் கைக்கு வந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மா அவருடைய துணிகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ வந்து, “கோயில் வேட்டியை மட்டும் யாருக்கும் குடுக்காதிய. அப்பா நினைவா நான் வச்சுக்கிடுதேன்” என்று வாங்கிக்கொண்டாய். அது எனக்கும் வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை. நான் எதையுமே வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை என்பதுதான் இந்த வீட்டில் எல்லோருக்கும் வசதி. பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அதைச் சொல்லி நீ எத்தனை முறை சிரித்திருக்கிறாய். “இவளுக்கு வாய் எதுக்கு, சோறு திங்கதுக்கு மட்டும்தான்” என்பாய். வேட்டியை உன் பெட்டியில் நானே மடித்து வைத்தேன். உன் வருங்கால மாமனார் பேன்ட்டோடு கோயிலுக்கு வந்துவிட்டார் என்பதற்காக அதை எடுத்து அவர் இடுப்பில் கட்டிவிடுவாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. கோயிலை ஒட்டிய கிழக்கே கோட்டைக் கடைத்தெருவில் எத்தனை கடையில் வேட்டி கிடைக்கும், அண்ணே. நடந்து போகிற தூரம்.

வேட்டி மட்டும் என்றால்கூட நான் விட்டிருப்பேன். அன்று சாயங்காலம் வரை மதினி ஒவ்வொரு போட்டோவாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் தையல் கடையில் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வாசல். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் வேலை பார்த்த தெரு அது. ஒவ்வொரு மே மாதமும் வள்ளியூரிலிருந்து ரயிலேறிப் போய், மூன்று நாள் தங்கி, முதல் நாள் காலையில் நம்மை அந்தத் தெருவுக்குத்தான் கூட்டிப் போவார். அடுத்த போட்டோ மிருகக்காட்சிச் சாலை. நீர்யானைக் குளத்தருகே மதினியின் தங்கை வாயைப் பிளந்து காட்டுகிறாள். நீர்யானை வாய் திறக்கிறவரை நாமும் திறந்து வைத்திருக்க வேண்டும், முதலில் மூடுகிறவன் எல்லோருடைய பையையும் சுமக்க வேண்டும் என்று அப்பா வைத்த விளையாட்டு. அதற்கடுத்தது இலையில் போளி. பால்பாயசத்தை மேலே ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிடுகிற போட்டோ. “இதைப் பிய்ச்சுத் தின்னா பாவம், பிசைஞ்சு தின்னாப் புண்ணியம்” என்று அப்பா சொல்வதை அப்படியே மதினி கீழே எழுதி, உன் பெயரைப் போட்டிருந்தாள். நீ சொன்னதாக. உன் நகைச்சுவையாக.

பெங்களூர் போகிறேன், இந்த வருஷம் வர வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, எங்கள் மூன்று நாளை, அதே வரிசையில், அதே விளையாட்டோடு, அதே வார்த்தையோடு எடுத்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறாய். அது யாருடையது என்றுகூடச் சொல்லவில்லை. அன்று ஏழு ரவிக்கைக்குக் கொக்கியை இடம் மாற்றி வைத்துவிட்டேன். கடைக்கார அக்கா கேட்டாள், “ஏட்டி, கண்ணு எங்க இருக்கு?” நான் கொக்கிகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இதற்கு உன்னை வருத்தப்பட வைக்க வேண்டும் என்று. எப்படி என்று தெரியவில்லை. ஆனால் வைக்க வேண்டும்.

அம்மா சொல்கிறாள்: “பொய் சொல்லாம ஒரு குடும்பமும் நடக்காதுய்யா. ஆனா சின்னப் பொய்யாச் சொல்லு. பெரிய பொய்யாச் சொன்னா அதைக் காப்பாத்தவே ஆயுசு போயிரும்.” சொல்லிவிட்டு, “நான் ரெண்டு வார்த்தை சொன்னா நீ ரெண்டு பக்கம் எழுதுதியே, என்னத்தட்டி எழுதுத?” என்று எட்டிப் பார்க்கிறாள். எழுத்துத் தமிழில் எழுதினால் நீளும்மா என்றேன். நம்பிவிட்டாள்.

நீ பெங்களூர் போவதாகச் சொன்னபோது அம்மா பெரிதாக வருத்தப்படவில்லை. பதினைந்து நாள் கழித்து, மே மாதக் கடைசியில், ஒரு காலையில் என்னிடம், “அவன் இல்லைன்னா என்ன? நமக்குக் காலு இல்லியா? அவிய கூட்டிட்டுப் போன ஊருக்கு வழி தெரியாதா?” என்றாள். முறுக்கு சுட்டாள். உனக்கென்று ஒரு டப்பா தனியாகக் கட்டினாள், நீ திரும்பி வந்தால் சாப்பிட செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று. ரயிலில் ஜன்னலோரத்தில் என்னை உட்காரச் சொன்னாள். பத்துப் பதினைந்து வருஷத்தில் எனக்கு முதல்முறையாக ஜன்னல். எப்போதும் அது உன் இடம். உட்கார்ந்ததும் அம்மா, “உன்னை நான் சரியா கவனிக்கலட்டி” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

உனக்கும் தெரியும். நான் பத்தாவது படிக்கும்போதுதான் அப்பா ஒரு பக்கம் கை கால் இழுத்துப் படுத்தார். அம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். நீ கல்லூரியில் கடைசி வருஷம். பகலில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள் வேண்டும். யாரும் என்னைப் பள்ளியை விட்டு நிற்கச் சொல்லவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நீதான் வந்து என் தலையில் கைவைத்து, “ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் நானே வந்து சேர்த்து விடுதேன்” என்றாய். நான் உன்னை நம்பினேன். அந்த அடுத்த வருஷம் உனக்கு வேலை கிடைத்தது, அதற்கடுத்த வருஷம் அப்பா போய்விட்டார், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது மதினியின் தங்கை பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், அவளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று நீ விசாரித்துக்கொண்டிருப்பதாக மதினியே என்னிடம் சொன்னாள். நல்லவள், பெருமையாகத்தான் சொன்னாள். “உங்க அண்ணன் படிப்புன்னா உயிரை விடுவாங்க இல்ல?” என்று கேட்டாள். ஆமாம் மதினி என்றேன்.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் எப்போதும் தங்கும் லாட்ஜுக்குப் போனோம். மேனேஜர் சேட்டன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அப்பா இறந்த வருஷத்திலிருந்து அவர் அம்மாவை உட்கார்ந்தபடி பார்ப்பதில்லை. “அம்மே, வரணும் வரணும். மோன் எவிடெ? ரெண்டாழ்ச்ச முன்பு ஞான் இவிடெ ரோட்டில் கண்டல்லோ, ஒரு ஃபேமிலியோட” என்று ஆரம்பித்தார், உன்னை இரண்டு வாரம் முன்னால் ஒரு குடும்பத்தோடு பார்த்ததாக. நான் குறுக்கே பேசினேன். “சாவி தாங்க” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் பயந்து சாவியை எடுத்து நீட்டினார். “மோள் சம்சாரிக்கான் படிச்சு, அல்லே?” என்று சிரித்தார். பேசக் கற்றுக்கொண்டாளே என்று. அம்மா ஒன்றும் கேட்காதவள்போல மாடிப்படி ஏறினாள். மலையாளம் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த ஊருக்கு இருபது வருஷமாக வந்து போகிறவளைப் பற்றி அப்படி நினைத்தது என் முட்டாள்தனம்.

அந்த மூன்று நாளும் என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது, அண்ணே. ஒரு போட்டோவை அம்மாவிடம் காட்டினால் போதும். பாத்திரக் கடை வாசலில் காட்டலாமா என்று நினைத்தேன். அம்மா அங்கே ஒரு இட்லிக் கொப்பரையைத் தட்டிப் பார்த்து, அப்பாவின் குரலில், “இது ஓசையே சரியில்லையே, சேட்டா” என்று கடைக்காரரைக் கேலி செய்துகொண்டிருந்தாள். நீர்யானை முன்னால் காட்டலாமா என்று நினைத்தேன். அம்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது, அவள் மூடவில்லை. எனக்கு உன்மேல் இருந்த கோபம் குறையவில்லை, கூடியது. நீ எதை எடுத்துக்கொண்டு போனாய் என்பது அவளைப் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. காட்டினால் அவள் வாய் மூடிவிடும். உன்னை வலிக்க வைக்க நினைத்தால் அடி முதலில் அவள்மேல் விழுகிற மாதிரி நீ ஒளிந்து நிற்கிறாய். அதற்கும் சேர்த்து உன்மேல் கோபம்.

கடைசி நாள் சாயங்காலம் சங்குமுகம். கடல் அந்தக் கரையில் பாதியைத் தின்றுவிட்டது, அப்பா நம்மை நிறுத்துகிற இடமே இப்போது இல்லை. கொஞ்சம் தள்ளி, மணல் மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் செருப்பைக் கழற்றினோம். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிப்பார்கள் என்றால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் எல்லோரும் கைகோத்து, கடலுக்கு முதுகைக் காட்டி, அலை கெண்டைக்காலில் அடிக்கிற இடத்தில் நிற்க வேண்டும். பயத்தில் யார் முதலில் திரும்பிக் கடலைப் பார்க்கிறார்களோ அவர்கள் அந்த வருஷம் மறைத்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொந்தத் தப்பு. அடுத்தவர் தப்பைச் சொல்லக்கூடாது. கேட்டுவிட்டு அப்பா, “சரி, போச்சு” என்பார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தத் தப்பை அதற்குப் பிறகு யாரும் வாயில் எடுக்கக்கூடாது. வேட்டியைச் சுட்டதை நான் அப்படித்தான் சொன்னேன். அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால் கடைசியாக வந்த வருஷம், ஒரு கையை உன் தோளில் போட்டு அவர் நின்றபோது, நீ திரும்பினாய். இரண்டு பேப்பரில் தேறாததை ஒரு வருஷமாக மறைத்ததைச் சொன்னாய். “சரி, போச்சு” என்றார். அடுத்த அலை வருவதற்குள் முடிந்துவிட்டது. நீ பயந்து திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் உன் கையைப் பிடித்திருந்தேன், அது நடுங்கவே இல்லை. மன்னிப்பு மலிவாகக் கிடைக்கிற இடம் பார்த்துத் திரும்பினாய்.

போன வருஷம் அப்பா இல்லாமல் நாம் மூன்று பேர் நின்றோம். யாரும் திரும்பவில்லை. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இந்த வருஷம் அம்மாவும் நானும். ரயில் நேரம் வரை நிற்பது என்று பேச்சு. அலைகள் பெரிதாக வந்தன. ஒன்று முட்டிவரை ஏறி என் பாவாடையை இழுத்தது. மேலே நின்ற லைஃப்கார்டு விசில் ஊதி, “சேச்சீ, இங்ஙோட்டு மாறி நில்க்கு” என்று இந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்தினார். அம்மா அவரைப் பார்த்துக் கையாட்டினாள், நகரவில்லை. நானும் திரும்பவில்லை. நான் ஏன் திரும்பவில்லை என்று உனக்குச் சொல்கிறேன். திரும்பினால் நான் மறைத்ததைச் சொல்ல வேண்டும். நான் மறைத்தது உன்னை. சொன்னால் அம்மா “சரி, போச்சு” என்று சொல்லிவிடுவாள், அவளால் வேறு எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நான் அதை வாயில் எடுக்க முடியாது. நீ கழக்கூட்டத்தில் உட்கார்ந்தபடி, கால் நனையாமல், மன்னிக்கப்பட்டுவிடுவாய். அதற்கு நான் இடம் கொடுப்பதாக இல்லை. எந்த அலை வந்தாலும் திரும்ப மாட்டேன் என்று பல்லைக் கடித்து நின்றேன்.

அம்மா திரும்பினாள்.

அலை ஒன்றும் இல்லாதபோது திரும்பினாள். சும்மா, யாரோ கூப்பிட்ட மாதிரி. கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: “எனக்குத் தெரியும்ட்டி. உன் சித்தி அன்னைக்கே போன்ல காட்டிட்டா. வேட்டியையும் பார்த்தேன். உனக்குத் தெரிஞ்சா அண்ணனை வெறுத்துருவியேன்னு மறைச்சேன். அதான் உன்னையும் இழுத்துட்டு வந்தேன், நாமளும் போயிட்டு வந்துட்டோம்னா உனக்குப் பெருசாத் தெரியாதுன்னு. மறைச்சது என் தப்பு.”

மூன்று நாளும் அவள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்காகச் சிரித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பாத்திரத்தைத் தட்டியது, வாயைத் திறந்து நின்றது, எல்லாம். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுட்டி” என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல இப்போது நான் மட்டும்தான் இருந்தேன். “உங்க அப்பா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாவ” என்றாள். ஆமாம். சொல்லியிருப்பார். அவர் தன் வேட்டியை யார் கட்டினாலும் சிரித்துக்கொண்டே பார்ப்பார். நான் அவர் இல்லை. “அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிரு. கல்யாணம் வருது. மனசுல வச்சுக்கிட்டு இருக்காத” என்றாள். அவள் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு முறை அலை வரும்போதும் அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா இப்போது சொல்கிறாள்: “தங்கச்சி மேல கோவப்படாத. சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சுட்டா. எழுதுட்டி, தெரியாமன்னு எழுது.” அவள் சொன்னதால் எழுதுகிறேன். தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அன்று சங்குமுகத்தில் நான் “சரி, போச்சு” என்று சொல்லவில்லை. அம்மாவின் கையை விட்டேன். நனைந்த பாவாடையைப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டுக்கு ஏறி, பையிலிருந்து போனை எடுத்து, அந்த வேட்டியும் அந்த மூன்று நாளும் யாருடையவை என்று சொல்ல மதினியைக் கூப்பிட்டேன்.